ஒன்று முதல் பதின்மூன்று வரை

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் பதிவு ஜன்னலில் இருக்கும் அக்காவுக்கு ‘வரிசை’ என்று பட்டப்பெயர். வைத்தவள் நான்தான். பதினேழு வருஷமாக அவளுக்கு அடுத்த ஜன்னலில் உட்கார்ந்து மருந்து கொடுக்கிறேன், எனக்கில்லாத உரிமையா? இரண்டு ஜன்னலுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. டீ டம்ளரும் ஊர்வம்பும் அந்த வழியாகத்தான் போய்வரும்.

ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அக்காவின் பொறுப்பு. பதிவு செய்த தேதிப்படி பெயர். முன்னால் வந்தவர் முன்னால். அவ்வளவுதான் சட்டம். அந்தச் சட்டத்தை அவள் காத்த மாதிரி வேறு யாரும் காத்து நான் பார்த்ததில்லை. பெரிய டாக்டரின் மாமியார் வந்து நின்றபோது, “நூத்திப் பதினாறாவது நம்பர்மா, ரெண்டரை மாசம் ஆகும்” என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னவள். சொந்தத் தம்பிக்குக் கண்ணில் புரை வந்தது. அவனையும் வரிசையில்தான் போட்டாள். அவன் மூன்று மாதம் காத்திருந்து, ஆபரேஷன் முடிந்து, கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து அவள் முகத்தில் முழிப்பதில்லை.

“பரவால்லடி. மூஞ்சியைத் திருப்பிக்கறதுக்கும் கண்ணு தெரிஞ்சாத்தானே முடியும்” என்றாள். அவள் வேடிக்கைப் பேச்சு அப்படித்தான். சிரிப்பதா வேண்டாமா என்று நமக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். வீட்டில் ஒரே குளியலறை. காலையில் அடிதடி நடக்காமல் இருக்க, எட்டு வயதிலேயே கதவில் கரியால் ஐந்து பேர் பெயரையும் வரிசையாக எழுதி வைத்தாளாம். தன் பெயரைக் கடைசியில் எழுதினாளாம். கல்யாணமும் அப்படியே ஆகிப்போனது. தங்கைகளை ஒவ்வொருத்தியாக அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் இவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. இதைச் சொல்லி நான் எத்தனையோ தடவை அவளைச் சீண்டியிருக்கிறேன். அவள் ஓட்டை வழியாகக் கையை விட்டு என் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

நோட்டில் இருந்த பட்டியல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டருக்குப் போனது. ஒப்பந்தத்தில் வந்த ஒரு கம்ப்யூட்டர்காரர் பைத்தான் என்கிற மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். திங்கள்கிழமை காலை அக்கா ஒரு பொத்தானைத் தட்டினால், வரிசையின் தலையிலிருந்து பத்துப் பெயர் கழன்று, மாடியில் ஆபரேஷன் அறையில் இருக்கும் பிரிண்டருக்குப் போய்விடும். வரிசையிலிருந்து யார் பெயர் கழன்றாலும் அவர் போனுக்குத் தானாகவே ஒரு மெசேஜ் போகும்: ‘உங்கள் முறை வந்துவிட்டது. மருத்துவமனைக்கு வரவும்.’ மிச்சப் பட்டியல் கீழே அக்காவின் பிரிண்டரில் வரும். அதை அவள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவாள். கூப்பிட்டும் வராதவர்களை மாடி நர்ஸ் மறுபடி சேர்ப்பார். பதிவுத் தேதி பழையதாக இருப்பதால் அந்தப் பெயர் தானாக மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். புரோகிராம் எழுதியவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒரு பக்கக் குறிப்பு மட்டும் விட்டுப்போனார்.

போன வருஷம் மாடியில் இரண்டாவது ஆபரேஷன் மேஜை வந்தது. இனி வாரம் பன்னிரண்டு பேர் என்று உத்தரவு. புரோகிராமை மாற்ற ஆளில்லை.

“ஒரு நம்பரை மாத்தறதுக்கு எதுக்குடி ஆளு?” என்று அக்கா குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் பட்டியலின் பெயரை ஒட்டி, சதுர அடைப்புக்குள் [0:10] என்று இருந்தது. இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கூப்பிடுவதற்கு, இன்னொன்று கூப்பிட்டவர்களை நீக்குவதற்கு. ‘இடப்பக்கம் தொடக்கம், வலப்பக்கம் முடிவு’ என்றது குறிப்பு.

அக்கா விரல்விட்டு எண்ணினாள். “இதென்னடி, சைபர்ல இருந்து பத்து வரைன்னா பதினொண்ணு ஆகுதே? அதோட சைபர்ல யாருடி நிப்பா? வரிசைன்னா ஒண்ணுலதானே ஆரம்பிக்கும்?”

“அந்த ஆளு போற அவசரத்துல எழுதியிருப்பாரு” என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மறைக்க மாட்டேன்.

பூஜ்ஜியத்தை அழித்து [1:12] என்று போட்டாள். எத்தனை பெயர் போகும் என்று எண்ணிக்கையை மட்டும் காட்ட ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. தட்டினாள். பதினொன்று என்றது. அரை மணி நேரம் நகத்தைக் கடித்தாள். நாம் ஐந்தாம் தேதி வரை லீவு என்றால் ஐந்தாம் தேதியும் லீவுதான். பன்னிரண்டு வரை என்றால் பன்னிரண்டும் உள்ளேதான். இது ஏன் குறைகிறது? பிறகு இரண்டு இடத்திலும் [1:13] என்று போட்டுத் தட்டினாள். பன்னிரண்டு.

“பிடிச்சுட்டேன்டி!” என்று தடுப்புப் பலகையைத் தட்டினாள். “இந்த மொழியில வரைன்னா அதுக்கு முன்னாடியே நின்னுடும். வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போற சொந்தக்காரங்க மாதிரி.”

ஐம்பது வயதில் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. முடிவு எண்ணைப் பற்றி அவள் கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு சரி. பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறாள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? வெளியாள் உதவியில்லாமல் வேலையை முடித்ததற்காகப் பெரிய டாக்டர் எல்லாரையும் கூட்டிவைத்து அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். அதைச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு மேலேயே மாட்டினாள்.

எண்ணை மாற்றிய பிறகு வந்த முதல் திங்கள்கிழமை பட்டியலின் தலையில் இருந்தவர் ஒரு வயரிங்காரர். கட்டடங்களுக்கு மின்சார வயர் இழுப்பவர். ஐம்பத்தேழு வயது இருக்கும். கண்ணில் அழுத்தம் ஏறி வலது கண் முன்பே போய்விட்டது. இடது கண்ணுக்குத்தான் ஆபரேஷன். இரண்டு மூன்று மாதத்துக்குள் செய்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். அதுவரை சொட்டு மருந்து. அதை நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வாய் ஓயாத மனிதர். பெஞ்சில் உட்கார்ந்தபடியே, “மேடம், உங்க ஃபேன் பேரிங் போச்சு. சத்தத்துலயே தெரியுது. ஆபரேஷன் முடியட்டும், நானே ஏறி மாத்தித் தர்றேன்” என்பார். அந்தத் திங்கள் போய் அடுத்த திங்கள் வந்தார். பலகையில் முதல் பெயர் அவருடையதுதான்.

“நீங்கதாண்ணே மேல இருக்கீங்க. அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடும்” என்றாள் அக்கா.

அடுத்த வாரமும் அவர் பெயர் மேலேயே இருந்தது. அதற்கடுத்த வாரமும். கூப்பிட்டும் வராத ஆள் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். அவளுக்கு வரிசையை மதிக்காதவர்களைக் கண்டால் ஆகாது.

“கூப்பிடற அன்னைக்கு வராம, இப்ப வந்து நின்னா நான் என்னண்ணே பண்றது?”

“மெசேஜே வரல மேடம்.”

“எல்லாருக்கும் போகுது, உங்களுக்கு மட்டும் போகாதா? போனை ஒழுங்கா வெச்சுக்கங்க.”

அவர் போனை மாற்றினார். சிம்மை மாற்றினார். மூன்றாவது தடவை ஊரே திரும்பிப் பார்க்கும்படி மணியடிக்கிற ஒரு போனை வாங்கிவந்து, அக்காவிடம் அடித்துக் காட்டிவிட்டு, நம்பரைப் பதிந்துவிட்டுப் போனார். அவர் கண்ணுக்கு எழுத்துத் தெரியாமல் போனபிறகு போன் அவர் மனைவியின் கைக்கு மாறியது. அந்த அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். செருப்புக் கடைத் தள்ளுபடி, அதிர்ஷ்டப் பரிசு என்று வருகிற ஒவ்வொரு குப்பையையும் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் வைப்பாராம். ராத்திரி தலைமாட்டில், சமைக்கும்போது இடுப்பில். நாள்தோறும் மாறும் டியூட்டி டாக்டர்களும் பலகையைப் பார்த்து, “நீங்கதான் ஃபர்ஸ்ட், அடுத்தது நீங்கதான்” என்றார்கள். அவருக்குப் பெருமை வேறு. “எனக்கு முன்னாடி ஒரு ஈ காக்கா இல்ல” என்று பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

பதினைந்தாவது வாரமோ என்னவோ, சொட்டு மருந்தை நீட்டினேன். அவர் கை பாட்டிலுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் துழாவியது. நான் பாட்டிலை நகர்த்தி அவர் கையில் வைத்தேன். வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். என்னை எதால் அடிப்பது?

பத்தொன்பது திங்கள்கிழமை இப்படிப் போனது. அப்போதுதான் பெரிய டாக்டர் அக்காவை மூன்று நாள் பைத்தான் வகுப்புக்கு அனுப்பினார். துணைக்கு என்னையும். செவ்வாய்க்கிழமை காலை, குளிரூட்டிய ஒரு அறை, ஆளுக்கொரு கம்ப்யூட்டர். சொல்லிக்கொடுத்த பெண் கலகலப்பானவள். வெள்ளைப் பலகையில் ஐந்து கட்டம் போட்டு, உள்ளே ஐந்து பழத்தின் பெயர் எழுதி, அடியில் 0, 1, 2, 3, 4 என்று எண் போட்டாள்.

“முதல் ஆளுக்கு ஏன் சைபர்னு எல்லாரும் கேப்பாங்க. இந்த நம்பர் நீ எத்தனையாவது ஆளுன்னு கேக்கல. ஆரம்பத்துல இருந்து எத்தனை இடம் தள்ளி நிக்கறேன்னு கேக்குது. முதல் ஆளு தள்ளியே நிக்கலையே? அதான் சைபர்.”

பக்கத்தில் அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பேனாச் சத்தம் நின்றதைக் கேட்டேன். அந்தப் பெண், பட்டியலைத் துண்டு போடுவது எப்படி என்று அடுத்ததற்குப் போனாள். [1:4] என்று எழுதி, இரண்டாவது பழத்துக்கு முன்னால் ஒரு கோடு, நான்காவது பழத்துக்குப் பின்னால் ஒரு கோடு போட்டாள். அக்கா எழுந்து நின்றாள்.

“மேடம், ஒவ்வொரு தடவையும் ஒண்ணுல இருந்தே எடுத்து, எடுத்ததை அழிச்சுக்கிட்டே வந்தா?”

“சூப்பர் கேள்வி!” என்றாள் அந்தப் பெண். “மத்ததெல்லாம் போய்க்கிட்டே இருக்கும். முதல் பழம் மட்டும் அங்கேயே கிடக்கும். அழுகுற வரைக்கும்.”

வகுப்பே சிரித்தது.

“தப்புன்னு ஏதாவது காட்டாதா?”

“காட்டாது. நீங்க கேட்டதைத்தானே அது குடுக்குது? அதுக்கு அது தப்பே இல்ல.”

அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். நாற்பது நிமிஷம் பஸ்ஸில் வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் திரையைத் திறந்து, பட்டியலில் பூஜ்ஜியமாவது இடத்தில் யார் என்று கேட்டாள். வயரிங்காரர் பெயர் வந்தது. வாரம் பன்னிரண்டு பேர், பத்தொன்பது வாரம். இருநூற்று இருபத்தெட்டுப் பேர் அந்த மனிதரைத் தாண்டிப் போய்ப் பார்வையோடு திரும்பியிருக்கிறார்கள். யாரையும் யாரும் முந்த விடாதவள் என்று நான் பட்டம் வைத்திருந்த அக்கா, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் ஓட்டை வழியாகக் கையை விட்டேன். அவள் பிடிக்கவில்லை.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, “சிஸ்டம் எரர்னு எழுதிடலாம், விடுங்க” என்றார்.

“சிஸ்டம் நான் சொன்னதைத்தான் சார் செஞ்சுது” என்று நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கும்.

பிறகு வயரிங்காரருக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே அந்த அம்மா எடுத்தார். “ஆஸ்பத்திரியா? வந்துடுச்சாம்மா? நாங்க இப்பவே கெளம்பறோம்” என்ற குரல் எனக்கே கேட்டது. நாளைக் காலை பரிசோதனைக்கு வரச் சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

புதன்கிழமை காலை வந்தார்கள். மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு, அக்காவே அவர் கையைப் பிடித்து டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே நடந்ததை அவள் எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னாள். டாக்டர் கண்ணுக்கு நேராக விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ம், லைட்டைப் போடுங்க டாக்டர்” என்றாராம்.

நரம்பு முழுக்கச் செத்துவிட்டது. இனிமேல் கத்தி வைத்துப் பிரயோஜனமில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று, தாமதமாக வருகிற நோயாளிகளை நான் ஜன்னலில் வைத்துத் திட்டுவது வழக்கம். அன்றிலிருந்து அந்தப் பழமொழி என் வாயில் வருவதில்லை.

வெளியே வந்ததும் அவர் மனைவியிடம், “நீ போய் சொட்டு மருந்துக்கு நில்லு, நான் மேடம்கூடக் கொஞ்சம் பேசணும்” என்றார். என் ஜன்னலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அந்த அம்மா கையில் போனோடு கடைசியில் போய் நின்றுகொண்டார். அக்கா ஓட்டை வழியாக ஐந்து காலிப் பாட்டில் கேட்டாள். கொடுத்தேன். என் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் அவற்றை வரிசையாக வைத்து, அவர் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொடவைத்தாள். எங்கே கோடு போட்டாள், எங்கே போட்டிருக்க வேண்டும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் முதல் பாட்டிலில் விரலை வைத்துக்கொண்டே சொன்னார். “இது நானு.”

“ஆமாண்ணே.”

“எனக்கு முன்னாடி யாரும் இல்ல.”

“இல்லண்ணே.”

“போனைக் குறை சொன்னீங்களே மேடம். மூணு போன் மாத்தினேனே.”

அக்கா அழுதாள். நானும் இங்கே மாத்திரையை எண்ணுகிற சாக்கில் அழுதேன்.

“நான் என்ன சொல்லணும்னு நிக்கறீங்க?” என்றார் அவர். சத்தம் போடவில்லை. “பரவால்லன்னு சொன்னா அது பொய். எனக்கு அது வரல.” பாட்டிலிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, “ஒரே ஒரு வேலை பண்ணுங்க. என் பேரை எடுத்துடுங்க. பேரு இருக்கற வரைக்கும் அவ அந்தப் போனைக் கீழ வைக்க மாட்டா. வீட்டுக்குப் போய் நானே பதமா சொல்லிக்கறேன்” என்றார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓட்டை வழியாகத் திரை எனக்குத் தெரிந்தது. நீக்குவதற்கான கட்டளையைத் தட்டினாள். பட்டியலின் பெயரைத் தட்டினாள். சதுர அடைப்புக்குள் பூஜ்ஜியம் போட்டாள். பூஜ்ஜியத்தை அவள் சரியான இடத்தில் போட்டது அன்றைக்குத்தான். அடைப்பை மூடிவிட்டு அழுத்தினாள்.

யாருடைய பெயர் கழன்றாலும் மெசேஜ் போகும் என்பது அவளுக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை.

அப்போது என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றவர் அந்த அம்மாதான். நான் பாட்டிலை எடுக்கத் திரும்பினேன். ஊரே திரும்பிப் பார்க்கும்படி போன் அடித்தது. அந்த அம்மா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். “உங்... கள்... மு... றை...” மீதியைப் படிக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் நாற்காலி சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது.

அந்த அம்மா மருந்தையும் மறந்து, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு ஓடினார்.

“எழுந்திருங்க! வந்துடுச்சுங்க, நம்ம முறை வந்துடுச்சு!”